தவறான விடையின் முன் நிற்கும் ஆசிரியர்

தமிழ்நாட்டில் கல்வியியல் இளநிலைப் பட்டமான பி.எட். படிப்பை முடித்து வெளிவரும் ஒருவருக்கு ஆசிரியர் பணிக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உள்ளன. அரசுப் பள்ளிக்குச் செல்லும் வாசலில் எழுத்துத் தேர்வும் மதிப்பெண்ணும் தரவரிசைப் பட்டியலும் காவல் நிற்கின்றன. தனியார் பள்ளிக்குச் செல்லும் வாசலில் பதினைந்து அல்லது இருபது நிமிட மாதிரி வகுப்பும், அதையடுத்துத் தாளாளர் அறையிலோ முதல்வர் அறையிலோ நடைபெறும் உரையாடலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. முதல் வாசலுக்காக ஆண்டுக்கணக்கில் படிப்பவர்களில் பலர் இரண்டாவது வாசலுக்கு முந்தைய நாள் இரவில்தான் ஆயத்தமாகிறார்கள். அவ்வாறு ஆயத்தமாகும்போதும், பாடத்தைத் தடங்கலின்றிச் சொல்லி முடிப்பதையே பயிற்சி செய்கிறார்களே தவிர, நடுவில் ஒரு குழந்தை எழுந்து தவறான விடையைச் சொன்னால் அந்த இடத்தில் என்ன செய்வது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஓர் ஆசிரியரை மற்ற படித்தவர்களிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும் இடமே அதுதான் என்பதால், வேலைத் தேடல் பற்றிய இந்தக் கட்டுரை அந்த இடத்தைச் சுற்றியே அமைகிறது.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் இவற்றில் ஏற்படும் குழப்பத்தாலேயே பல விண்ணப்பங்கள் வீணாகின்றன. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிப்பவர் இடைநிலை ஆசிரியர் எனப்படுகிறார். மேல்நிலைக் கல்விக்குப் பின் இரண்டு ஆண்டுகள் பயிலும் தொடக்கக் கல்விப் பட்டயம் அவருக்குரிய தகுதி. ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை கற்பிப்பவர் பட்டதாரி ஆசிரியர். அவருக்கு இளநிலைப் பட்டமும் பி.எட்.டும் தேவை. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குரியவர் முதுகலை ஆசிரியர். பி.எட். படித்தவர்களும் தொடக்க வகுப்புகளில் கற்பிக்கலாம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2018 ஜூன் 28 அன்று வெளியிட்ட அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று செல்லாததாக்கியது. ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்தறிவிப்பது தனிப் பயிற்சி கோரும் வேலை என்பதும், பட்டம் உயர்ந்தது என்பதற்காக அந்தப் பயிற்சி இருப்பதாகக் கொள்ள முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பின் உட்பொருள். ஆகவே தொடக்கநிலை வகுப்புகளுக்கு பி.எட். பட்டதாரி தேவை என்று விளம்பரம் செய்யும் பள்ளியில் சேர்பவர், அந்தப் பணியின் சட்டநிலையை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது.

ஒரு காலத்தில் அரசு ஆசிரியர் வேலை என்பது காத்திருப்பின் வேறு பெயராக இருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு, பதிவு மூப்பின்படி அழைப்பு வரும் என்று பத்து, பதினைந்து ஆண்டுகள் காத்திருந்த தலைமுறை அது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த, கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டமும், அதன் 23ஆம் பிரிவின் அடிப்படையில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட அறிவிக்கையும் அந்த நிலையை மாற்றின. எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க நியமிக்கப்படுபவர் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்பது விதியாயிற்று. இந்த விதி அரசுப் பள்ளிக்கு மட்டும் உரியதன்று, தனியார் பள்ளிக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் 2012 ஜூலை 12 அன்று நடைபெற்ற முதல் தகுதித் தேர்வில் 150 வினாக்களுக்கு ஒன்றரை மணி நேரமே வழங்கப்பட்டது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய அந்தத் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்கள் 2,448 பேர். அதே ஆண்டு அக்டோபரில் மூன்று மணி நேரத் தேர்வாக மறுபடியும் நடத்தப்பட்டபோது தேர்ச்சி பெற்றவர்களின் எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது. முதல் தேர்வின் முடிவைக் கொண்டு தமிழ்நாட்டு ஆசிரியர்களின் தரத்தை இகழ்ந்து பேசியவர்கள், வினாத்தாளுக்கும் கடிகாரத்துக்கும் அந்த முடிவில் இருந்த பங்கை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

இந்தத் தேர்வின் இயல்பைப் புரிந்துகொண்டால் பாதி அச்சம் நீங்கும். முதல் தாள் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கும், இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கும் உரியது. இரண்டிலும் 150 கொள்குறி வினாக்கள், அதாவது நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள், இடம்பெறும். அவற்றில் 30 குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும் பற்றியவை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. பொதுப் பிரிவினருக்கான தேர்ச்சி எல்லை 60 சதவீதம், அதாவது 90 மதிப்பெண். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மாநில அரசு தளர்வு அளித்துள்ளது. இது போட்டித் தேர்வு அன்று, தகுதித் தேர்வு. பக்கத்து இருக்கையில் எத்தனை பேர் அமர்ந்திருந்தாலும் ஒருவரின் தேர்ச்சியை அவருடைய மதிப்பெண்ணே முடிவு செய்கிறது. ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் இந்தத் தேர்ச்சியைப் பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைத் தொடர்ந்து தேர்வர்களின் கூட்டம் பெருகியிருந்தாலும், அதனால் புதியவர்களின் வாய்ப்பு குறைந்துவிடவில்லை. ஒருமுறை பெற்ற தேர்ச்சி ஏழாண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்றிருந்த விதியும் 2021இல் நீக்கப்பட்டு, வாழ்நாள் முழுவதும் செல்லத்தக்கதாக மாற்றப்பட்டது.

ஆனால் தகுதி வேறு, நியமனம் வேறு. தகுதித் தேர்வு மதிப்பெண்ணையும் பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம், பி.எட். மதிப்பெண்களையும் சேர்த்துக் கணக்கிடும் வெயிட்டேஜ் முறை சில ஆண்டுகள் நடைமுறையில் இருந்து, பல வழக்குகளுக்கும் போராட்டங்களுக்கும் காரணமானது. 2018 ஜூலையில் வெளியான 149ஆம் எண் அரசாணை, தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்கள் நியமனத்துக்கெனத் தனியாக ஒரு போட்டித் தேர்வை எழுத வேண்டும் என்று ஆக்கியது. 2013இல் தேர்ச்சி பெற்றுப் பணியின்றிக் காத்திருந்தவர்களுக்கு இது ஆறாத காயம். அவர்களின் மனக்குறையில் நியாயம் உண்டு. அந்தப் போட்டித் தேர்வின் வழியே 2,222 பட்டதாரி ஆசிரியர், வட்டார வளமைய ஆசிரியர் பயிற்றுநர் பணியிடங்களுக்கு 2024 பிப்ரவரி 4 அன்றும், இடைநிலை ஆசிரியர் பணியிடங்களுக்கு அதே ஆண்டு ஜூலை 21 அன்றும் ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தியது. இரண்டு அறிவிப்புகளுக்கு இடையிலான ஆண்டுகளை எவராலும் கணிக்க இயலாத நிலையில், புதிய பட்டதாரி ஒருவர் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஒரு வகுப்பறைக்குள்ளும் இருப்பதுதான் அறிவுடைமை. வீட்டில் அமர்ந்து வழிகாட்டி நூல்களை மட்டும் மனப்பாடம் செய்யும் ஐந்து ஆண்டுகள் கற்பிக்கும் கையைத் துருப்பிடிக்கச் செய்துவிடும்.

தேடலின் காலமும் காகிதமும்

தனியார் பள்ளிகளின் ஆள்சேர்ப்புக்கு ஒரு பருவம் உண்டு. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூனில் திறக்கப்படுவதால் மார்ச் முதல் மே வரை அவற்றின் விளம்பரங்கள் மிகுதியாக வெளிவருகின்றன. ஏப்ரலில் கல்வியாண்டைத் தொடங்கும் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஜனவரியிலேயே தேடத் தொடங்கிவிடுகின்றன. கடைசித் தேர்வை எழுதி, முடிவு வந்து, சான்றிதழ் கையில் கிடைத்த பிறகு தேடலாம் என்று இருப்பவர் ஓராண்டை இழக்க நேரிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை நாளிதழ் விளம்பரங்களும் வாட்ஸ்அப் குழுக்களும் அனைவருக்கும் தெரிந்த வழிகள். ஆனால் மிக நம்பகமான வழி, பயிற்சிக்காகச் சென்ற பள்ளியின் தலைமையாசிரியரும் அங்கு உடனிருந்து வழிகாட்டிய பாட ஆசிரியரும்தான். அந்தப் பள்ளியிலேயே காலியிடம் இல்லாமல் போகலாம். எனினும் பக்கத்து ஊர்ப் பள்ளியில் கணித ஆசிரியர் மகப்பேறு விடுப்பில் செல்கிறார் என்ற செய்தி விளம்பரமாவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடும். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் இடைத்தரகர்களிடமிருந்து விலகியிருப்பதில் மறுயோசனைக்கே இடமில்லை.

காகிதங்களில் இரண்டு மட்டும் தனிக் கவனம் கோருகின்றன. ஒன்று, தமிழ்வழியில் பயின்றமைக்கான சான்று. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுப் பணி நியமனங்களில் தமிழ்வழியில் பயின்றோருக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. பட்டப் படிப்பை மட்டும் தமிழில் படித்திருந்தால் போதாது, பள்ளிக் கல்வியையும் தமிழ்வழியிலேயே பயின்றிருக்க வேண்டும் என்பதால், படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் சான்று பெற வேண்டியுள்ளது. தேர்வு அறிவிப்பு வந்த பிறகு ஒன்றாம் வகுப்பு படித்த ஊருக்கு ஓடுவதைவிட, பி.எட். படிக்கும்போதே கோடை விடுமுறையில் அதைப் பெற்று வைத்துக்கொள்ளலாம். மற்றொன்று, பட்டத்தின் இணைத்தன்மை. தன்னாட்சிக் கல்லூரிகள் புதிய பெயர்களில் தொடங்கும் பட்டங்கள், பள்ளிப் பாடத்துக்குரிய பழைய பட்டத்துக்கு நிகரானவை என்று அரசாணை வழியே ஏற்கப்பட்டிருந்தால்தான் நியமனத்துக்குச் செல்லும். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் இந்த உண்மையை முதன்முறையாகக் கேட்டுக் கண்ணீருடன் திரும்புவது தவிர்க்கக்கூடிய துயரம்.

பயோடேட்டா எனப்படும் தன்விவரக் குறிப்பு இரண்டு பக்கங்களுக்கு மேல் நீள வேண்டியதில்லை. பொழுதுபோக்கு, தந்தையின் தொழில், கடின உழைப்பாளி என்ற தற்சான்று ஆகியவற்றை எடுத்துவிட்டு, பயிற்சிக் காலத்தில் எந்த வகுப்புக்கு எந்தப் பாடப்பகுதிகள் கற்பிக்கப்பட்டன, மாணவர்கள் எங்கே தடுமாறினர், அதற்கு என்ன செய்யப்பட்டது என்பதை நான்கு வரிகளில் எழுதினால், படிக்கும் முதல்வர் நிமிர்ந்து உட்காருவார். அந்த நான்கு வரிகளை எழுத முடியாமல் போவதற்கான காரணத்தைத்தான் பி.எட். கல்லூரிகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பயிற்சி நோட்டில் விடுபட்டது

2015-16 கல்வியாண்டு முதல் பி.எட். ஓராண்டுப் படிப்பிலிருந்து ஈராண்டுப் படிப்பாக நீட்டிக்கப்பட்டதன் முதன்மையான நோக்கங்களில் ஒன்று, மாணவ ஆசிரியர் பள்ளியில் செலவிடும் காலத்தை அதிகரிப்பதாகும். இரண்டாம் ஆண்டில் 16 வாரங்கள் பள்ளிப் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. அந்த வாரங்கள் பெரும்பாலும் ரெக்கார்ட் எழுதுவதிலும், சார்ட் வரைவதிலும், சில வேளைகளில் கடையில் வாங்கிய மாதிரிப் பொருளுக்கு வண்ணம் பூசுவதிலும் கழிந்துவிடுகின்றன. பாடத்திட்டக் குறிப்பில் நோக்கங்கள், துணைக்கருவிகள், ஆசிரியர் செயல், மாணவர் செயல், மதிப்பீடு என்று கட்டங்கள் போடப்பட்டு அழகிய கையெழுத்தில் நிரப்பப்படுகின்றன. மாணவர் செயல் என்ற கட்டத்தில் மாணவர் எப்போதும் சரியாகவே விடையளிக்கிறார்.

இந்தப் பழக்கம் அதற்கும் முன்பே தொடங்குகிறது. 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாகி உலகெங்கும் பரவிய நுண்ணிலைக் கற்பித்தல் என்ற முறையில், பாடம் தொடங்கும் திறன், வினவும் திறன், வலுவூட்டும் திறன் என்று ஒவ்வொரு திறனும் தனியாகப் பிரிக்கப்பட்டு ஐந்தாறு நிமிடப் பாடமாகப் பயிற்சி செய்யப்படுகிறது. முறை நல்லது, அதில் மாணவர்களாக அமர்பவர்கள் உடன் படிக்கும் தோழர்கள் என்பதுதான் சிக்கல். தோழர் தடுமாறிவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் அவர்கள் எதிர்பார்க்கப்படும் விடையையே சொல்கிறார்கள். இவ்வாறு இரண்டு ஆண்டுகள் சரியான விடைகளின் நடுவே மட்டும் கற்பித்துப் பழகியவர், மாதிரி வகுப்பில் முதல் தவறான விடையைக் கேட்டதும் ‘தவறு, உட்காருங்கள், வேறு யார் சொல்வீர்கள்?’ என்று அடுத்தவரிடம் நகர்ந்துவிடுகிறார். பின்வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் தேர்வாளரின் பேனா அந்த இடத்தில்தான் நிற்கிறது.

ஆகவே நேர்முகத் தேர்வுக்கான உண்மையான ஆயத்தம், பயிற்சிக் காலத்தில் குழந்தைகளின் நோட்டுகளிலிருந்து தவறான விடைகளைத் தொகுப்பதில் தொடங்குகிறது. பெயர்களைக் குறிக்கத் தேவையில்லை. பிழையும் அதன் பின்னிருக்கும் எண்ணமும் போதும். நூறு பிழைகள் கொண்ட ஒரு நாற்பது பக்க நோட்டு, எந்த வழிகாட்டி நூலையும்விட ஒரு புதிய ஆசிரியருக்குப் பயன்படும்.

மாதிரி வகுப்பு

டெமோ கிளாஸ் என்று பள்ளிகளில் வழங்கும் மாதிரி வகுப்பு, சில இடங்களில் உண்மையான மாணவர்களின் முன்னிலையிலும் சில இடங்களில் ஆசிரியர்களே மாணவர்களாக அமர்ந்த அறையிலும் நடைபெறுகிறது. இரண்டாவது வகையில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். எதிரே அமர்ந்திருப்பவர்கள் பெரியவர்கள், பாடம் தெரிந்தவர்கள் என்ற எண்ணத்தில் குரல் தாழ்ந்து, வகுப்பு ஒரு கருத்தரங்க உரையாக மாறிவிடுகிறது. தேர்வாளர்கள் மாணவர்களாக நடிக்கும்போது அவர்களை மாணவர்களாகவே நடத்துவது அவமரியாதையாகாது; அதைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

பதினைந்து நிமிடத்தில் ஒரு பாடத்தை முடிக்க முடியாது; ஒரு கருத்தை மட்டுமே திறக்க முடியும். கணித ஆசிரியர் பணிக்கு வந்தவர் தசம எண்களை எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்ளலாம். 0.45, 0.5 ஆகிய இரண்டில் பெரியது எது என்று கேட்டால், 45 என்பது 5ஐவிடப் பெரியது என்பதால் 0.45தான் பெரியது என்று சொல்லும் குழந்தைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். முழு எண்களில் பல ஆண்டுகள் கைகொடுத்த விதியையே அந்தக் குழந்தை புள்ளிக்குப் பின்னும் நீட்டிக்கிறது. அது கவனக்குறைவு அன்று, ஒரு தர்க்கம். 0.5தான் பெரியது என்று சரியாகச் சொல்லும் குழந்தைகளிலும் சிலர், புள்ளிக்குப் பின் இலக்கங்கள் குறைவாக இருந்தால் எண் பெரியது என்ற வேறொரு தவறான விதியைப் பின்பற்றுபவர்களாக இருப்பார்கள். அவர்களிடம் 0.65, 0.5 ஆகியவற்றைக் கொடுத்தால்தான் அது வெளிப்படும். இந்த இரண்டு வினாக்களையும் அடுத்தடுத்துக் கேட்கத் திட்டமிட்டு வருபவர், பாடத்தைப் பற்றி மட்டுமன்றிப் பாடம் குழந்தையின் மனத்தில் எப்படி விழுகிறது என்பதைப் பற்றியும் சிந்தித்திருக்கிறார் என்பது ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கவனம் வேண்டும். தசம எண்களை விளக்க ரூபாயையும் பைசாவையும் காட்டுவது பல தலைமுறைகளாக வரும் வழக்கம். 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவையாகிவிட்டன. இன்று ஏழாம் வகுப்பில் இருக்கும் குழந்தை அதற்குப் பிறகு பிறந்தது. கையில் எடுத்துப் பார்த்திராத பைசாவைக் கொண்டு தசமத்தை விளக்குவது, தெரியாததைத் தெரியாததால் விளக்குவதாகும். ஒரு மீட்டர் அளவுகோலைச் சுவரில் சாய்த்து வைத்து, 45 சென்டிமீட்டரையும் 50 சென்டிமீட்டரையும் தொட்டுக் காட்டச் சொன்னால், பிழை செய்த குழந்தை தன் விரலாலேயே அதைத் திருத்திக்கொள்ளும். ஆசிரியர் ‘தவறு’ என்ற சொல்லைச் சொல்ல வேண்டியதே இல்லை.

அறிவியலிலும் இத்தகைய இடங்கள் நிறைய உண்டு. கோடையில் வெயில் ஏன் கடுமையாக இருக்கிறது என்று கேட்டால், பூமி அப்போது சூரியனுக்கு அருகில் இருப்பதால் என்று குழந்தைகள் மட்டுமல்லர், பட்டதாரிகள் பலரும் சொல்வார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், மார்கழிப் பனி பெய்யும் நாட்களில். மிகத் தொலைவில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில். இந்த ஒரு தகவலைப் பலகையில் எழுதிவிட்டு, ‘அப்படியானால் கத்திரி வெயில் மார்கழியில் அல்லவா அடிக்க வேண்டும்?’ என்று கேட்டு நிறுத்தினால், அடுத்து வரும் பூமியின் அச்சுச் சாய்வு பற்றிய விளக்கத்தைக் குழந்தைகள் தாமாகவே தேடத் தொடங்குவார்கள். வரலாற்றில் வேலூர்ப் புரட்சியை எடுப்பவர் 1806 ஜூலை 10 என்ற நாளோடும் புதிய தலைப்பாகை ஆணையோடும் நின்றுவிடாமல், ஒரு தலைப்பாகைக்காக ஒரு கோட்டையே எழுமா என்று கேட்டு, திப்பு சுல்தானின் புதல்வர்கள் அதே கோட்டையில் வைக்கப்பட்டிருந்ததை நோக்கி மாணவர்களை நடத்திச் செல்லலாம்.

பலகையைப் பற்றி ஒரு சொல். இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரத்தில் முடியும், கடைசி வரிசைக்கும் தெரியும் எழுத்து, தேவையின்றி அழிக்கப்படாத தலைப்பு, எழுதும்போது வகுப்புக்கு முதுகு காட்டி நெடுநேரம் நிற்காத உடல் ஆகியவை எளியவையாகத் தோன்றினாலும் வீட்டுச் சுவரில் பயிற்சி செய்து பழகாமல் கைவருவதில்லை. பவர்பாயிண்ட் காட்சியை மட்டும் நம்பி வந்து, மின்சாரம் நின்றதும் வகுப்பும் நின்றுபோன நிலை எவருக்கும் நேரக் கூடாது.

ஆங்கிலவழிப் பள்ளிகளில் மாதிரி வகுப்பை ஆங்கிலத்தில் நடத்தச் சொல்வார்கள் என்பதே தமிழ்வழியில் படித்தவர்களின் பெருங்கவலை. பொது உரையாடல் ஆங்கிலத்தைச் சில வாரங்களில் வளர்த்துவிட முடியாது. ஆனால் வகுப்பறை ஆங்கிலம் அளவில் சிறியது. கேள்வி கேட்பது, காத்திருப்பது, இன்னொரு முறை சொல்லச் சொல்வது, பலகையைப் பார்க்கச் சொல்வது, இருவர் இருவராகப் பேசச் சொல்வது, விடைக்குக் காரணம் கேட்பது ஆகியவற்றுக்கான ஐம்பது அறுபது வாக்கியங்களும் பாடத்தின் கலைச்சொற்களும் வாயில் பழகிவிட்டால் பதினைந்து நிமிடம் தடையின்றி நடக்கும். உச்சரிப்பில் தமிழ் மணம் இருப்பது குறையன்று. தெளிவற்ற வேகமும் கடன்வாங்கிய தொனியும்தான் குழந்தைகளுக்குப் புரியாமல் போகின்றன.

தாளாளர் அறை

மாதிரி வகுப்புக்குப் பின் நடக்கும் உரையாடலில் கேட்கப்படும் வினாக்களில் பெரும்பாலானவை முன்கூட்டியே ஊகிக்கத்தக்கவை. ஆறாம் வகுப்புக்கு வந்தும் வாசிக்கத் தெரியாத குழந்தையை என்ன செய்வீர்கள் என்ற வினா அவற்றுள் முக்கியமானது. ‘தனிக் கவனம் செலுத்துவேன்’ என்பது விடையன்று. எழுத்தை அடையாளம் காண முடியவில்லையா, எழுத்து தெரிந்தும் சொல்லாகக் கூட்ட முடியவில்லையா, சொல் வாசித்தும் பத்தியின் பொருள் புரியவில்லையா என்று முதல் வாரத்தில் கண்டறிந்து, அந்தந்த நிலைக்கேற்பக் குழுவாக்கி, வாரத்தில் எத்தனை பாடவேளை எதற்கு ஒதுக்கப்படும் என்று சொல்வதே விடை. 2022இல் அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் அறிமுகமான எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கேற்ப வகைப்படுத்துவதன் அடிப்படையும் இதுவே என்பதால், தனியார் பள்ளிக்குச் செல்பவரும் அதன் கையேடுகளைப் படித்திருப்பது பயன் தரும்.

அடுத்தது ஒழுக்கம் பற்றிய வினா. கண்டிப்பானவர் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில், அடிக்காமல் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள் என்று ஒரு சொல் நழுவினால் அதுவே விலக்குவதற்குப் போதுமான காரணமாகும், அப்படி விலக்குவதும் சரியே. உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றி அறிந்தவர் அதைக் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பதும், மறைத்தால் அதுவே குற்றம் என்பதும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் விதிகள்; பள்ளியின் பெயர் கெடும் என்பது அங்கே காரணமாகாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பது புதிய ஆசிரியரின் நாவில் உடனே வர வேண்டும்.

பெண் விண்ணப்பதாரர்களிடம் திருமணம் எப்போது, குழந்தைப் பேறு எப்போது என்று கேட்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இந்தக் கேள்விகள் அநீதியானவை. கற்பிக்கும் திறனோடு எந்தத் தொடர்பும் இல்லாதவை. கல்வியாண்டு முழுவதும் பணியாற்றும் எண்ணத்துடனேயே விண்ணப்பித்திருப்பதாக அமைதியாகக் கூறி அதோடு நிறுத்திக்கொள்ள விண்ணப்பதாரருக்கு முழு உரிமை உண்டு.

ஊதியம் என்று வரும்போது தயங்கித் தலைகுனிய வேண்டியதில்லை. அரசுப் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய். பல தனியார் பள்ளிகள் தருவது அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. இந்த இடைவெளியை ஒரு நேர்முகத் தேர்வில் எவராலும் நிரப்பிவிட முடியாது. ஆனாலும் ஊதியம் வங்கிக் கணக்கில் வருமா, கோடை விடுமுறை மாதங்களுக்கு உண்டா, வருங்கால வைப்பு நிதி பிடித்தம் செய்யப்படுமா என்பவை கேட்க வேண்டிய கேள்விகள். தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்பதை 2009ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் உறுதி செய்து, உச்ச நீதிமன்றம் 2022இல் அதை நிலைநிறுத்தியது. ஐந்து ஆண்டுகள் பணியாற்றியவருக்கு அது சலுகையன்று, உரிமை. நடுவில் நின்றுவிடாமல் இருக்க அசல் சான்றிதழ்களைப் பள்ளியில் ஒப்படைக்கச் சொல்வது பரவலான வழக்கமாக இருப்பதாலேயே நியாயமாகிவிடாது. சரிபார்ப்புக்காக அசலைக் காட்டி, கையொப்பமிட்ட நகலை மட்டும் கொடுத்து வருவதுதான் முறை. வேறு வழியின்றிக் கொடுக்க நேர்ந்தால், பெற்றுக்கொண்டதற்கான எழுத்துச் சான்று இல்லாமல் அறையைவிட்டு வெளியேறக் கூடாது. பணி நியமன ஆணையில் பாடம், வகுப்பு, ஊதியம், சோதனைக் காலம், முன்னறிவிப்புக் காலம் ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும்.

உரையாடலின் இறுதியில், உங்களுக்கு ஏதேனும் கேட்க வேண்டுமா என்று தேர்வாளர் கேட்பார். இல்லை என்று எழுந்துவிடுபவர்களே மிகுதி. வாரத்துக்கு எத்தனை பாடவேளைகள், ஒரு வகுப்பில் எத்தனை மாணவர்கள், முதல் ஆண்டில் வழிகாட்ட மூத்த ஆசிரியர் ஒருவர் இருப்பாரா என்று கேட்கலாம். அதோடு, தான் பொறுப்பேற்கவிருக்கும் வகுப்பின் சென்ற ஆண்டு விடைத்தாள்கள் சிலவற்றைப் பார்க்க முடியுமா என்று ஒருவர் கேட்டால், பெரும்பாலான முதல்வர்கள் வியப்புடன் ஒரு கட்டைத் தேடி எடுத்துத் தருவார்கள். சிவப்பு மையால் சுழிக்கப்பட்ட அந்த விடைகளுக்கு நடுவில், ஜூன் மாதத்தின் முதல் வாரத்தில் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.